வடிகட்டியும் விளிப்பும்: ஒரு கச்சேரிப் பட்டியலை முன்வைத்து

1

பட்டியல் என்பதும் ஒரு பிரதிதான். இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் டிசம்பர் மாதத்தில் சென்னையில் ஒரு கச்சேரி ரசிகரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். எந்தச் சபாவில் யார் பாட்டு, பக்கவாத்தியம் யார், எத்தனை மணிக்கு, டிக்கெட்டா சும்மாவா, அடுத்த சபாவுக்கு ஆட்டோ பிடித்தால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியுமா என்று அச்சடித்த தாளில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பார். அவர் கோடு போடாத வரிகள் அன்றைக்கு அவரைப் பொறுத்தவரை நடக்கவே நடக்காத கச்சேரிகள். ஆக, வாசித்தல் என்பதே விலக்குதலாகவும் இருக்கிறது.

இந்தப் பென்சில் இப்போது கை மாறிவிட்டது. நிகழ்ச்சிகளை அறிவிக்கும் வலைத்தளங்களில் அந்த வேலையை இரண்டு விதமான பொறிகள் செய்கின்றன. ஒன்று வடிகட்டி: ‘வயலின்’, ‘மயிலாப்பூர்’, ‘மாலை’ என்று நாம் தட்டத் தட்டப் பட்டியல் சுருங்குகிறது. இன்னொன்று தனிப்பயனாக்கம்: நாம் எதையும் தட்டுவதற்கு முன்பே, ‘உங்களுக்காக’ என்று ஒரு பட்டியல் தயாராக நிற்கிறது. மென்பொருள் விற்பவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள், ஏதோ இட்லியும் சட்னியும் மாதிரி. ஆனால் முதலாவதில் வாசகர் பட்டியலைத் தேர்கிறார். இரண்டாவதில் பட்டியல் வாசகரைத் தேர்கிறது. எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறிவிடுகின்றன. இந்த இடமாற்றத்தைக் கவனிக்காமல் தொழில்நுட்பத்தை மட்டும் பேசிக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை.

நிகழ்ச்சிப் பட்டியல்களை வலைத்தளத்தில் ஏற்றிக் கொடுக்கும் வேலையைச் சில வருஷமாகச் செய்து வருபவன் நான். ஆகவே இங்கே பேசப்போவது கோட்பாடு மட்டுமல்ல. இதை எப்படிக் கட்டுவது என்பதும்தான். இரண்டையும் பிரித்துப் பேச முடியாது என்பதே என் கட்சி.

2

வடிகட்டியின் பூர்வீகம் அமெரிக்கக் கணினிக் கம்பெனிகளில் இல்லை. பெரும்பாலும் அது சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 1924ல் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானை வைத்து வெவ்வேறு உருவங்கள் கட்டிக் காட்டுவதைப் பார்த்தபோதுதான் தன் முறைக்கான பொறி தட்டியது என்று சொல்லியிருக்கிறார். ஒரே பட்டைகள், ஒரே திருகாணிகள். கோக்கிற விதத்தில் இன்று ஒரு பொம்மை, நாளை இன்னொன்று.

அதுவரை புழக்கத்திலிருந்த டூயி தசமப் பகுப்பு மரம் மாதிரியானது. அடிமரம், கிளை, கொப்பு, இலை. ஒரு நூல் ஏதாவது ஒரு கிளையில்தான் உட்கார முடியும். ரங்கநாதன் 1933ல் வெளியிட்ட கோலன் பகுப்பு இதைக் கலைத்துப் போட்டது. ஒரு பொருளுக்குப் பல முகங்கள் உண்டு. ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே குறித்துக்கொண்டு பிறகு கோத்துக்கொள்ளலாம் என்றது அது. ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து அடிப்படைகளை வகுத்தார். இன்று புடவை விற்கிற வலைத்தளத்தின் இடது ஓரத்தில் நிறம், விலை, ஊர், நெசவு என்று கட்டம் கட்டமாக நிற்கிறதே, அதன் தர்க்கம் இந்த முகப்பகுப்புதான்.

நிகழ்ச்சி வலைத்தளம் கட்டுகிற எவரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: மரத்தை விட்டுவிட்டு முகங்களைப் பிடிப்பது. பக்கங்களாக எழுதாதீர்கள், அட்டவணையாக எழுதுங்கள். ஒரு நிகழ்ச்சி ஒரு வரி. ஒவ்வொரு முகமும் ஒரு பத்தி. கச்சேரி என்றால் தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், அரங்கு, பகுதி, கலைவடிவம், கட்டணம், கலைஞர்கள். முடியும் நேரத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் ‘இந்த இரண்டுக்கும் போக முடியுமா’ என்ற சாதாரணக் கேள்விக்குக் கணினியால் பதில் சொல்ல முடியாது.

கலைஞர்கள் என்ற பத்தியில்தான் முதல் சிக்கல். அச்சுத் தாளில் கச்சேரி என்பது பாடுபவரின் பெயர். வயலினும் மிருதங்கமும் அடியில் சின்ன எழுத்தில். அதை அப்படியே அட்டவணைக்குக் கொண்டுவந்தால் ‘வயலின்’ என்று தட்டுபவருக்குத் தனி வயலின் கச்சேரிகள் மட்டும் வரும். அன்றைக்குப் பத்து மேடைகளில் பக்கம் வாசித்த பத்து வயலின்காரர்களும் காணாமல் போவார்கள். மிருதங்கத்துக்காகவே கச்சேரிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தத் தளம் ஊமை. இதற்கு வழி சுலபம். கலைஞர்களுக்கு ஒரு தனி அட்டவணை, நிகழ்ச்சிகளுக்கு ஒரு தனி அட்டவணை, இரண்டையும் இணைக்கிற மூன்றாவது அட்டவணையில் ‘பங்கு’ என்று ஒரு பத்தி: பாட்டு, வயலின், மிருதங்கம், கடம், தம்புரா. கணினிக்கு இதில் பெரியவர் சின்னவர் கிடையாது. தம்புரா போட்டவரும் ஒரு வரிதான். படிநிலையைத் தாளில் அச்சடித்தது நாம். அதைக் கணினிக்குள்ளும் வலிந்து திணிப்பதா வேண்டாமா என்பதும் நம் முடிவுதான்.

3

அடுத்து தர்க்கம். ஒரே முகத்துக்குள் இரண்டு தேர்வுகள் செய்தால் அவை ‘அல்லது’ என்று சேர வேண்டும்: மயிலாப்பூர் அல்லது தி.நகர். வெவ்வேறு முகங்களுக்கிடையே ‘மற்றும்’ என்று சேர வேண்டும்: அந்தப் பகுதிகளில் நடப்பது, மற்றும் கட்டணமில்லாதது. இதை மாற்றிப் போட்டால் பட்டியல் வெறுமையாகும். வாசகர் தன்மேல்தான் தவறு என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். ஒவ்வொரு தேர்வின் பக்கத்திலும் எத்தனை நிகழ்ச்சி மிஞ்சும் என்ற எண்ணைக் காட்டுவது நல்லது. பூஜ்யம் வரும் தேர்வை மறைத்துவிடாமல் மங்கலாக நிறுத்துவது இன்னும் நல்லது. ‘இன்று இந்தப் பகுதியில் வீணை இல்லை’ என்பதும் ஒரு செய்திதானே? இன்மையை அழித்துவிட்டால் அப்படி ஒன்று இருக்கலாம் என்ற நினைப்பே போய்விடும். தேர்வுகள் பக்கத்தின் முகவரியிலேயே பதிவாக வேண்டும். அப்போதுதான் ஒருவர் வடிகட்டிய பட்டியலை அப்படியே நண்பருக்கு அனுப்ப முடியும்.

தமிழுக்கென்று சில தனித் தொல்லைகள் உண்டு. மேல்நாட்டுச் செயலியை அப்படியே மாட்டினால் இவை தெரியாது. ஒருங்குறியில் எழுத்துக்கள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசை நம் அரிச்சுவடி வரிசை இல்லை. அங்கே ‘ந’வுக்கு அடுத்தாற்போல் ‘ன’, ‘ர’வுக்கு அடுத்து ‘ற’. எண் வரிசைப்படி பெயர்களை அடுக்கச் சொன்னால் அகராதி குழம்பும். தமிழ் அடுக்கு விதியைத் தனியே கொடுக்க வேண்டும். ‘கொ’ என்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் பதிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் பதிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பதிவேற்றும்போதே ஒரே வடிவுக்கு மாற்றிவிடவேண்டும். அப்படி மாற்றினாலும் ‘கௌரி’க்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் போட்டு ‘கெளரி’ என்று தட்டச்சு செய்யப்பட்ட பெயர் தப்பித்துக்கொள்ளும். அதைக் கையால்தான் திருத்த வேண்டும். நாகஸ்வரம், நாதஸ்வரம், நாதசுரம் என்று மூன்று எழுத்துமுறைகள் புழங்குகின்றன. வடிகட்டிக்கு மூன்றும் மூன்று வாத்தியங்கள்! ஒன்றைத் தலைச்சொல்லாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அதற்குத் திருப்பிவிட வேண்டும். எதைத் தலைச்சொல்லாக வைப்பது? இந்தக் கேள்வியோடு நாம் தொழில்நுட்பத்தின் கரையைத் தாண்டிவிடுகிறோம்.

4

போர்ஹேஸின் கதைக்கட்டுரை ஒன்றில் வரும் சீனக் கலைக்களஞ்சியத்தின் விசித்திரமான விலங்குப் பகுப்பைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பிலிருந்துதான் தன்னுடைய 1966ஆம் வருஷத்து நூல் பிறந்ததாக ஃபூக்கோ சொல்கிறார். அந்தச் சிரிப்பு நமக்கு வருவதில்லை. காரணம், நம் பகுப்புகளுக்குள்ளேயே நாம் குடியிருக்கிறோம். ‘செவ்வியல்’, ‘நாட்டுப்புறம்’, ‘பக்தி’, ‘மங்கள இசை’ என்று தளத்தில் வரிசையாக நிற்கிற கட்டங்கள் ஏதோ இயற்கையிலேயே முளைத்தவை மாதிரி தோன்றுகின்றன.

‘மங்கள இசை’யை எடுத்துக்கொள்வோம். விழா தொடங்குவதற்கு முன் வாசிக்கப்படும் நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் தாளில் வைக்கப்படும் பெயர் இது. எனக்கு வந்த தாள் ஒன்றில் பாடகர்கள் அத்தனை பேருக்கும் பெயர், பக்கவாத்தியக்காரர்களுக்குப் பெயர். மாலை மங்கள இசைக்கு நேரம் மட்டும் இருந்தது, ஆள் பெயர் இல்லை. அச்சில் இது வெறும் அலட்சியம். அட்டவணையில் இது அழிப்பு. கலைஞர் பத்தி காலியாக இருக்கிற வரி எந்தக் கலைஞர் தேடலிலும் வராது. கலைவடிவம் ‘கச்சேரி’ என்று இல்லாததால் கச்சேரி வடிகட்டியிலும் வராது. பெயர் வேண்டும் என்று நான் கேட்டபோது, ‘அது எதுக்கு சார், அது சும்மா ஆரம்பத்துல வாசிக்கிறதுதானே’ என்று பதில் வந்தது. இந்தச் ‘சும்மா’வுக்குள் எத்தனை தலைமுறை உட்கார்ந்திருக்கிறது! டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) மாதிரியான மேதைகள் ராக ஆலாபனையில் சிகரம் தொட்ட வாத்தியம் இது. கோயிலிலும் கல்யாணத்திலும் ஊர்வலத்திலும் அதை வாசித்து வளர்த்தவர்கள் எந்தச் சாதிகளைச் சேர்ந்தவர்கள், சபா மேடையின் மையத்தில் உட்கார்ந்தவர்கள் எந்தச் சாதியைச் சேர்ந்தவர்கள் என்பது நாடறிந்த வரலாறு. கடைசியில் இரண்டு நாள் கழித்துப் பெயர்கள் வந்தன. நாகஸ்வரம் இருவர், தவில் இருவர். அவர்களுக்கு ‘மங்கள இசை’ என்ற குறிச்சொல்லும் இருக்கட்டும், ‘கச்சேரி’ என்ற குறிச்சொல்லும் இருக்கட்டும் என்று இரண்டையும் போட்டேன். முகப்பகுப்பில் இது சாத்தியம், மரத்தில் சாத்தியமில்லை. ரங்கநாதனின் முறை இந்த இடத்தில் ஓர் அரசியல் வாய்ப்பாக மாறுகிறது.

ஆனால் எல்லா முகங்களையும் யாராலும் திறந்துவிட முடிவதில்லை. மொழி என்றொரு முகம் ஏன் கச்சேரித் தளங்களில் அநேகமாக இருப்பதே இல்லை? தமிழில் பாட வேண்டும் என்பதற்காக ஓர் இயக்கமே நடந்து, 1943ல் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய நகரம் இது. பாடப்போகிற உருப்படிகளைப் பெரும்பாலும் முன்கூட்டி அறிவிப்பதில்லை. ஆகவே வடிகட்ட விவரமில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் எந்த விவரத்தைச் சேகரிக்கிறோம், எதைச் சேகரிக்காமல் விடுகிறோம் என்பதும் ஒரு சொல்லாடலின் விதி. கேட்கப்படாத கேள்விக்குப் பத்தி கிடையாது; பத்தி இல்லாததற்கு வடிகட்டி கிடையாது; வடிகட்டி இல்லாதது கேள்வியாக எழவே எழாது. இந்த வட்டம் தன்னைத் தானே மூடிக்கொள்கிறது.

5

இனி தனிப்பயனாக்கம். இதில் மூன்று படிகள் உண்டு. முதல் படி, வாசகர் தானே சொல்வது: எனக்கு வீணை பிடிக்கும், அடையாறு பக்கம் இருக்கிறேன், ராத்திரி எட்டரைக்கு மேல் முடியாது. இரண்டாவது, தளம் வேவு பார்த்துத் தெரிந்துகொள்வது: எதைத் திறந்தார், எதில் எத்தனை நேரம் நின்றார். மூன்றாவது, கூட்டத்தை வைத்துக் கணிப்பது: இதை விரும்பியவர்கள் அதையும் விரும்பினார்கள், ஆகவே நீங்களும் விரும்புவீர்கள். இந்த மூன்றாவதற்குக் ‘கூட்டு வடிகட்டல்’ என்று பெயர். 1992ல் ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் மின்னஞ்சல் குவியலைச் சமாளிக்கச் செய்த ‘டேப்பிஸ்ட்ரி’ என்ற ஏற்பாட்டோடு புழக்கத்துக்கு வந்த சொல் அது. ஒருவர் படித்துக் குறிப்பு எழுதினால் அது இன்னொருவருக்கு வழிகாட்டும் என்பதாகத்தான், ஒரு கூட்டுறவாகத்தான் அது தொடங்கியது. பின்னால் கடைக்காரர்கள் கைக்குப் போனது.

அல்தூஸர் 1970ல் எழுதிய கருத்தியல் பற்றிய கட்டுரையில் தெருவில் போகிற ஒருவரைப் போலீஸ்காரர் கூப்பிடுகிற காட்சி வரும். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்த்த கணத்தில் அவர் ஒரு தன்னிலையாக வடிவமைக்கப்பட்டுவிடுகிறார். ‘உங்களுக்காக’ என்று தொடங்குகிற பட்டியல் இந்த விளிப்பின் இன்றைய ரூபம். ஒரு வித்தியாசம், போலீஸ்காரர் ஒரே குரலில் எல்லோரையும் அழைக்கிறார்; இது ஆளுக்கொரு குரலில் அழைக்கிறது. டெல்யூஸ் 1990ல் கட்டுப்பாட்டுச் சமூகங்களைப் பற்றி எழுதியபோது தனிமனிதன் இனிப் பகுக்க முடியாத முழுமை அல்ல, கூறுகளாகப் பகுபடுகிறவன் என்று கணித்தார். நிகழ்ச்சித் தளத்தின் பின்கட்டில் எட்டிப் பார்த்தால் இது அப்பட்டமாகத் தெரியும். அங்கே நீங்களும் நானும் இல்லை. ‘மயிலாப்பூர் 0.8, பரதம் 0.1, இலவசம் 0.6’ என்பது மாதிரி எடைகள்தான் இருக்கின்றன.

இதில் உள்ள ஆபத்து அந்தரங்கம் மட்டுமல்ல. மேலே காட்டப்படுவது அதிகம் தட்டப்படுகிறது. அதிகம் தட்டப்பட்டது மறுபடி மேலே வருகிறது. மாலை ஆறரை மணியின் பெரிய பெயர் மேலும் பெரிதாகிறது. பகல் ஒரு மணிக்கு, கட்டணமில்லாத அரங்கில், பதினைந்து பேருக்கு முன்னால் பாடுகிற இளம்பெண்ணின் வரி மூன்றாம் திரைக்குக் கீழே போகிறது. அவரைப் பற்றிக் கணினிக்கு ‘முன்வரலாறு’ இல்லை. வரலாறு இல்லாதவரைச் சிபாரிசு செய்ய அதற்குத் தெரியாது. வரலாறு இல்லாதவர்கள் என்ற சொற்சேர்க்கை நமக்குப் பழக்கமானதுதான், இல்லையா? அமெரிக்காவில் ஈலை பாரிஸர் 2011ல் எழுதிய நூல், வடிகட்டிக் குமிழுக்குள் மாட்டிக்கொண்ட வாசகரைப் பற்றிக் கவலைப்பட்டது. அது நியாயம். ஆனால் குமிழுக்கு வெளியே நிறுத்தப்பட்ட கலைஞரின் பக்கத்திலிருந்தும் இதைப் பேசவேண்டியிருக்கிறது.

6

மறுபடி ரங்கநாதன். 1931ல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் இரண்டாவது வாசகரின் பக்கம் நிற்கிறது: அவருக்கு வேண்டியது அவர் கைக்கு வந்து சேர வேண்டும். நான்காவது அவருடைய நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. தனிப்பயனாக்கம் செய்கிறவர்கள் இந்த இரண்டையும்தான் (பெயர் தெரியாமலேயே) மந்திரம் மாதிரி ஜபிக்கிறார்கள். மூன்றாவதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். அது நூலின் பக்கம் நிற்கிற விதி. அலமாரியில் கிடக்கும் ஒவ்வொரு நூலுக்கும் தன்னைப் படிக்கக்கூடிய ஒருவரைச் சென்றடையும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். வாசகர் தானே உள்ளே போய் எடுத்துப் பார்க்கும்படி அலமாரிகளைத் திறந்து வைக்கச் சொன்னதும் இதன்பேரில்தான். தேடி வந்தது ஒன்று, வழியில் கண்ணில் பட்டது இன்னொன்று. அந்த ‘இன்னொன்று’க்குத் திறந்த அலமாரியில் இடமுண்டு, ‘உங்களுக்காக’வில் இல்லை.

இதை மனசில் வைத்துக்கொண்டு நான் கடைப்பிடிக்கிற ஏற்பாடுகளைச் சொல்கிறேன்.

முதல் படியோடு நின்றுகொள்ளுங்கள். வாசகர் வாயால் சொன்னது போதும், வேவு வேண்டாம். அவர் சொன்னதையும் உங்கள் சர்வருக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. ஒரு சீசனின் மொத்தப் பட்டியலும் எழுத்தாகப் பார்த்தால் ஒரு புகைப்படத்தைவிடப் பெரிய கோப்பாக இருக்காது. அதை அப்படியே வாசகரின் கருவிக்கு அனுப்பிவிட்டு, விருப்பங்களை அவருடைய உலாவியிலேயே சேமித்து, வடிகட்டலை அங்கேயே நடத்தலாம். 2023ல் நிறைவேறிய இந்திய மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதற்காகத் தரவு வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெறவும், அதைத் திரும்பப் பெறும் வழி வைக்கவும் சொல்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதை அது தடுக்கிறது. பாட்டு கற்கும் பிள்ளைகள் இத்தனை பேர் வந்து பார்க்கிற தளத்தில் எதையும் வாங்காமலிருப்பதே கைக்குச் சுத்தம்.

முழுப் பட்டியல்தான் இயல்புநிலை. ‘என் பட்டியல்’ அதற்குப் பக்கத்துக் கதவு. முதல்முறை வருகிறவருக்குக் கால வரிசை. நட்சத்திர வரிசை கூடாது. ஒரே நேரத்தில் தொடங்கும் கச்சேரிகளின் வரிசையைத் தினமும் சுழற்றிவிடுங்கள். அகர வரிசை வைத்தால் ‘அ’வில் தொடங்கும் பெயருக்குத் தினமும் அதிர்ஷ்டம்.

தனிப்பட்ட பட்டியலில் ஐந்துக்கு ஒரு இடத்தை, வாசகர் கேட்காத நிகழ்ச்சிக்கு ஒதுக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு குலுக்கிப் போடாதீர்கள். அவர் கேட்ட முகங்களில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அடையாற்றில் மாலையில் வீணை கேட்டவருக்கு, அடையாற்றில் மாலையில் தவில். நேரமும் இடமும் ஒத்துப்போவதால் அவர் உண்மையிலேயே போகக்கூடும். பக்கத்திலேயே ‘இது ஏன் இங்கே வந்தது’ என்று ஒரு வரியில் எழுதிவிடுங்கள். இதற்கு ஒதுக்கீடு என்று பெயர் வைத்தால் சிலருக்கு முகம் சுளிக்கும். எனக்கு அந்தப் பெயரே பிடித்திருக்கிறது.

கடைசியாக, எந்தக் கட்டத்துக்கு என்ன பெயர் என்ற முடிவை மென்பொருள்காரரிடமும் விழாக் குழுவிடமும் மட்டும் விட்டுவிடக் கூடாது. தன் கலைக்கு எந்தக் குறிச்சொல் என்று கலைஞரிடம் கேட்க வேண்டும். கூத்தாடுகிறவரைக் கேட்டால் ‘நாட்டுப்புறம்’ என்ற கட்டத்துக்குள் போக அவர் ஏன் சம்மதிக்க வேண்டும்? ராத்திரி முழுக்கப் பாட்டும் வசனமும் அடவுமாக நடப்பது நாடகமில்லை என்று யார் முடிவு செய்தது? அவர் ‘நாடகம்’ என்றும் ‘இசை’ என்றும் போடச் சொன்னால் அப்படியே போடுங்கள். நாடகம் தேடி வந்த ஒருவர் கூத்தில் வந்து நிற்பார்.

இதெல்லாம் செய்துவிட்டால் பட்டியல் நடுநிலையாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஐந்தில் ஒன்று என்ற கணக்கு என் கணக்கு; இன்னொருவர் மூன்றில் ஒன்று என்பார், அவரோடு வாதாடத் தயார். வாதாடக்கூடிய இடத்தில், எல்லோரும் படிக்கக்கூடிய மொழியில் அந்த விதி எழுதப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. இப்போதைக்குப் பெரும்பாலான தளங்களில் அது எழுதப்படவில்லை. அல்லது எழுதப்பட்டும் நம் கண்ணுக்குக் காட்டப்படவில்லை. அடுத்த முறை ‘உங்களுக்காக’ என்று ஒரு பட்டியல் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதற்கு முன், இதில் யார் இல்லை என்று ஒரு நிமிஷம் தேடிப் பாருங்கள். முழுப் பட்டியலுக்கான கதவு பெரும்பாலும் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் இருக்கும்.